ரேடியோ கில் சுவிட்ச்: வயர்லெஸ் டிரைவர் எழுதுபவருக்கு

லேப்டாப்பின் ஓரத்தில் இருக்கும் அந்தச் சின்னத் தள்ளு சுவிட்சை ஒருவர் அணைத்தால், அவர் கேட்பது ஒன்றுதான்: இந்தப் பெட்டியிலிருந்து ரேடியோ அலை எதுவும் வெளியே போகக் கூடாது. அவர் விமானத்தில் இருக்கலாம், பக்கத்தில் மருத்துவக் கருவி இருக்கலாம், தன் இருப்பு யாருக்கும் தெரிய வேண்டாம் என்று நினைக்கலாம். காரணத்தைக் கேட்க, கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவருக்கு உரிமையில்லை. சுவிட்ச் என்ன நிலையில் இருக்கிறதோ அதை உள்ளபடி, உடனே கெர்னலுக்கு, அதாவது இயக்க முறைமையின் மையப் பகுதிக்கு, சொல்ல வேண்டும். பிறகு அதற்குத் தக்கபடி நடக்க வேண்டும். வேலை அவ்வளவுதான். ஆனால் டிரைவரின் எந்தக் கட்டத்திலும், கார்டு தூங்கினாலும் இன்டர்ஃபேஸ் (கணினியில் தெரியும் நெட்வொர்க் இணைப்பு) கீழே, அதாவது அணைந்து, கிடந்தாலும், இந்த வேலை நிற்கக் கூடாது. சிரமம் முழுக்க அங்கேதான் இருக்கிறது.

கோடில் செய்யும் திருத்தங்களான வயர்லெஸ் டிரைவர் பேட்ச்களைப் படித்துக் கருத்துச் சொல்வது என் அன்றாட வேலை. புதிய டிரைவர் ஒன்று வந்தால் நான் முதலில் தேடிப் போவது கில் சுவிட்சைத் தொடும் வரிகளைத்தான். எழுதியவர் ஹார்டுவேரை எவ்வளவு புரிந்துகொண்டிருக்கிறார் என்று அந்தச் சில வரிகளே காட்டிக்கொடுத்துவிடும். இங்கே லினக்ஸ் கெர்னலை வைத்துப் பேசுகிறேன். ஃபங்ஷன் பெயர்களைத் தமிழில் ஒலிபெயர்த்து எழுதியிருக்கிறேன். கோடில் தேடினால் எளிதாகக் கிடைத்துவிடும்.

கம்பி எங்கே போகிறது?

எடிட்டரைத் திறக்கும் முன் கார்டைப் பாருங்கள். மினி பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டு என்றால் 20-ஆவது பின். எம்.2 கார்டு என்றால் வைஃபைக்கு 56-ஆவது பின், புளூடூத்துக்கு 54-ஆவது பின். டபிள்யூ-டிஸேபிள் என்று பெயர். இந்தப் பின்னில் மின்னழுத்தம் மேலே இருந்தால் ரேடியோவுக்கு அனுமதி. தரைக்கு இழுத்தால் தடை. கார்டிலேயே பின்னை மேலே இழுத்து வைக்கும் புல்-அப் ரெசிஸ்டர் இருப்பதால், மதர்போர்டு இந்தப் பின்னை எதோடும் இணைக்காமல் விட்டால் ரேடியோ எப்போதும் அனுமதிக்கப்பட்ட நிலையில்தான் இருக்கும்.

என் மேசையில் முன் விளிம்பில் தள்ளு சுவிட்ச் உள்ள பழைய லேப்டாப் ஒன்று சோதனைக்கென்றே கிடக்கிறது. புதிய கார்டு எதைப் போட்டாலும் முதலில் அடி மூடியைக் கழற்றி, மல்டிமீட்டரின் கறுப்பு முனையை ஏதாவது ஒரு திருகில் வைத்து, சிவப்பு முனையை அந்தப் பின்னுக்கான சாலிடர் புள்ளியில் வைப்பேன். சுவிட்ச் ஒருபுறம் இருந்தால் 3.3 வோல்டுக்குப் பக்கத்தில் காட்டும். மறுபுறம் தள்ளினால் பூஜ்யத்துக்கு விழும். அப்படி விழாவிட்டால் பிரச்சினை டிரைவரில் இல்லை. சிலர் 20-ஆவது பின்மேல் சின்ன டேப் துண்டை ஒட்டி வைத்திருப்பார்கள்; கார்டு மாற்றியதும் வைஃபை வராமல் போனதால் செய்த வைத்தியம் அது. டேப் இருக்கும்வரை சுவிட்சை எத்தனை முறை தள்ளினாலும் கார்டுக்குத் தெரியாது. "டிரைவர் சுவிட்சைக் கவனிக்கவில்லை" என்று புகார் வந்தால் இதையும் கேட்டுவிடுங்கள்.

அடுத்த கேள்வி: பின் கீழே விழுந்ததும் ரேடியோவை அணைப்பது யார்? சில சிப்புகளில் ஹார்டுவேரே அணைத்துவிடும், டிரைவர் வேடிக்கை பார்த்தால் போதும். சிலவற்றில் டிரைவர் முதலில் அந்தப் பின்னை, சிக்னலைக் கையாளும் பேஸ்பேண்ட் பகுதியோடு இணைத்து வைக்க வேண்டும். ஏதெராஸ் சிப்புகளுக்கான ஏடிஎச்9கே டிரைவர் ரீசெட் செய்யும்போது இதைச் செய்கிறது. இன்னும் சிலவற்றில் பின்னின் நிலை சிப்பின் ஒரு ரெஜிஸ்டரில் (டிரைவர் படிக்கக்கூடிய சின்ன நினைவிடத்தில்) வெறும் தகவலாக மட்டும் வரும். அதைப் படித்து ரேடியோவை அணைப்பது டிரைவரின் பொறுப்பு. உங்கள் சிப் எந்த வகை என்று டேட்டாஷீட்டைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். மூன்றாம் வகைச் சிப்பை முதல் வகை என்று நினைத்து எழுதினால், திரையில் "தடை" என்று காட்டும், ஆன்டெனாவிலிருந்து அலை போய்க்கொண்டே இருக்கும். இந்தப் பகுதியில் நடக்கக்கூடிய தவறுகளிலேயே இதைவிட மோசமானது வேறு இல்லை.

இரண்டு தடைகள்

கெர்னலில் கில் சுவிட்சுகளைக் கவனிக்கும் ஆர்எஃப்கில் என்ற துணை அமைப்பு 2007-இல் 2.6.22 கெர்னலோடு வந்தது. 2009-இல், 2.6.31-இல், அடியோடு திருத்தி எழுதப்பட்டது. இப்போது நாம் பயன்படுத்துவது அந்தத் திருத்திய வடிவத்தைத்தான். அதன் அடிப்படை எளிது. ஒவ்வொரு ரேடியோவுக்கும் சாஃப்ட், ஹார்டு என இரண்டு தடைகள் தனித்தனியாக உண்டு. பயனர் திரையில் வைஃபையை அணைத்தால் சாஃப்ட் தடை. கையால் சுவிட்சைத் தள்ளினால் ஹார்டு தடை. இரண்டில் ஒன்று இருந்தாலும் ரேடியோ வேலை செய்யக் கூடாது.

சாஃப்ட் தடையை யூசர்ஸ்பேஸிலிருந்து, அதாவது கெர்னலுக்கு வெளியே ஓடும் நிரல்களிலிருந்து, போடலாம், நீக்கலாம். ஹார்டு தடையை அங்கிருந்து படிக்க மட்டுமே முடியும். கெர்னலின் நிலையைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ்-இல் ஆர்எஃப்கில் அடைவுக்குள் போய்ப் பார்த்தால் 'ஹார்டு' என்ற கோப்பில் எழுத வழியே இல்லை. ரூட்டாக இருந்தாலும் அதே கதைதான். அந்த மதிப்பை மாற்றக்கூடிய ஒரே ஆள் டிரைவர். அதனால் நீங்கள் அங்கே போடும் 0 அல்லது 1-ஐத்தான் பயனர் கடைசி உண்மையாக நம்புவார்.

இரண்டையும் டிரைவருக்குள் ஒரே மாறியில் சேர்த்து வைக்காதீர்கள். "ரேடியோ ஆன்" என்று ஒற்றை பூலியன் வைத்து எழுதிய டிரைவர்கள் வருவதுண்டு. பயனர் திரையில் வைஃபையை அணைக்கிறார், பிறகு சுவிட்சையும் அணைக்கிறார், பிறகு சுவிட்சை மட்டும் திரும்பப் போடுகிறார். ஒற்றை மாறி இருந்தால் இந்த இடத்தில் ரேடியோ எழுந்துவிடும். அவர் திரையில் அணைத்து வைத்தது என்ன ஆயிற்று?

பதிவு செய்யும் வரிசை

கெர்னலின் வைஃபை அடுக்கான சிஎஃப்ஜி80211 வழியாக வேலை செய்யும் வைஃபை டிரைவர் என்றால், ஆர்எஃப்கில் பொருளை நீங்கள் உருவாக்க வேண்டியதில்லை. வைஃபி (கார்டைக் குறிக்கும் கெர்னல் பொருள்) உருவாகும்போதே அதுவும் கூடவே உருவாகிவிடும். வைஃபி-ஆர்எஃப்கில்-செட்-எச்டபிள்யூ-ஸ்டேட் என்ற ஃபங்ஷனைக் கூப்பிட்டு நிலையைச் சொல்வது மட்டும்தான் உங்கள் வேலை. வைஃபை டிரைவருக்குள் இன்னொரு ஆர்எஃப்கில் பொருளைத் தனியாக உருவாக்கும் பேட்ச் வந்தால் நான் அதைத் திருப்பி அனுப்பிவிடுவேன். ஒரே ரேடியோவுக்கு இரண்டு பதிவு இருந்தால் பயனர் எதை நம்புவார்?

வைஃபை அல்லாத சாதனம், அல்லது லேப்டாப்பின் பொத்தான், சுவிட்ச் போன்றவற்றைக் கவனிக்கும் பிளாட்ஃபார்ம் டிரைவர் என்றால் நீங்களே அந்தப் பொருளை அலாக் செய்து (நினைவகத்தில் உருவாக்கி), பதிவு செய்து, விலகும்போது அன்ரெஜிஸ்டர் செய்து, கடைசியில் டெஸ்ட்ராய் செய்ய வேண்டும். கெர்னலில் எதைச் சேர்ப்பது என்று சொல்லும் கே-கான்ஃபிக் கோப்பில் "ஆர்எஃப்கில் அல்லது ஆர்எஃப்கில் இல்லாமை" என்ற அந்த விசித்திரமான சார்பு வரியைச் சேர்க்க மறக்காதீர்கள். ஆர்எஃப்கில் தனியாக ஏற்றும் மாட்யூலாக இருக்கும்போது உங்கள் டிரைவர் கெர்னலுக்குள்ளேயே சேர்ந்துவிடாமல் அது தடுக்கும். ஆர்எஃப்கில்லே இல்லாத கெர்னலில் இந்த அழைப்புகள் எல்லாம் வெற்று இன்லைன் ஃபங்ஷன்களாகிவிடும். அதனால் இஃப்டெஃப் என்ற நிபந்தனை வரி எதுவும் போட வேண்டியதில்லை.

வரிசைதான் முக்கியம். முதலில் சுவிட்சின் நிலையை ஹார்டுவேரிலிருந்து படியுங்கள். அதை செட்-எச்டபிள்யூ-ஸ்டேட் மூலம் சொல்லுங்கள். அப்புறம் பதிவு செய்யுங்கள். பதிவுக்கு முன்பே நிலையைச் சொல்லலாம், அதற்கு அனுமதி உண்டு. மாற்றிச் செய்தால், பதிவான கணத்தில் "தடை இல்லை" என்று ஒரு செய்தி போகும், பிறகு "தடை" என்று இன்னொன்று போகும். அந்த இடைவெளியில், இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க்மேனேஜர் நிரல் இன்டர்ஃபேஸைத் தூக்க முயன்று தோற்றிருக்கும்.

சுவிட்ச் அணைந்த நிலையில் கார்டு எழும்போது ப்ரோப், அதாவது டிரைவர் கார்டைக் கண்டு தொடங்கும் கட்டம், தோற்கக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மேக் முகவரி, எந்த அலைவரிசைகள் உண்டு என்பது போன்ற விவரங்களைப் படிக்க, கார்டுக்கு உள்ளே இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேர் ஓட வேண்டிய சிப்புகள் உண்டு. இன்டெல்லின் ஐடபிள்யூஎல்வைஃபை டிரைவரில் ஃபர்ம்வேரைத் தொடங்கும் ஃபங்ஷனுக்கு, "கில் சுவிட்ச் அணைந்திருந்தாலும் ஓட்டு" என்று தனியாக ஒரு அளவுருவே இருக்கிறது. ரேடியோ ஊமையாக இருக்கும், விவரங்கள் மட்டும் வந்துவிடும். இதைச் செய்யாமல் "சுவிட்ச் அணைந்திருக்கிறது, ப்ரோப் தோல்வி" என்று வெளியே போய்விட்டால், பயனரின் கணினியில் வைஃபை கார்டே இல்லாதது போலத் தோன்றும். ரேடியோக்களைப் பட்டியலிடும் ஆர்எஃப்கில் லிஸ்ட் கட்டளையைப் போட்டாலும் எதுவும் வராது. சுவிட்சைத் தள்ளிப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

இன்டரப்டா, போலிங்கா?

சுவிட்ச் மாறும்போது சிப் இன்டரப்ட் (தானாக டிரைவரைக் கூப்பிடும் சிக்னல்) கொடுக்கும் என்றால் அதைத்தான் பயன்படுத்த வேண்டும். குறிப்பிட்ட இடைவெளியில் போய்ப் பார்க்கும் போலிங் கடைசி வழி. ஆர்எஃப்கில் மையம் 5 விநாடிக்கு ஒருமுறைதான் போல் செய்யும். சுவிட்சைத் தள்ளிய பிறகு 5 விநாடி என்பது அதைத் தள்ளியவருக்கு நீண்ட நேரம்.

இன்டெல் டிரைவர் இதை எப்படிச் செய்கிறது என்று கிட்டே போய்ப் பார்க்கலாம். இன்டரப்ட் ரெஜிஸ்டரில் 7-ஆவது பிட் கில் சுவிட்சுக்கு உரியது. அது எழுந்தால் "சுவிட்சில் ஏதோ நடந்திருக்கிறது" என்று மட்டும்தான் பொருள். எந்தப் பக்கம் தள்ளப்பட்டது என்று அது சொல்லாது. அதனால் டிரைவர் பொதுக் கட்டுப்பாட்டு ரெஜிஸ்டரைத் தனியாகப் படித்து 27-ஆவது பிட்டைப் பார்க்கிறது. அந்த பிட் 1 என்றால் ரேடியோவுக்கு அனுமதி, 0 என்றால் தடை. பிட்டின் பெயரைப் படித்தால் நேர்மாறாகத்தான் தோன்றும். கோடில் தலைகீழாக்கும் குறி இருப்பது அதனால்தான். படித்த மதிப்பு முந்தைய நிலையோடு மாறுபட்டால் மட்டுமே மேலடுக்குக்குச் செய்தி போகிறது.

இதில் பின்பற்ற வேண்டியது: இன்டரப்டை ஒரு தட்டலாக மட்டும் எடுத்துக்கொண்டு, நிலையை ரெஜிஸ்டரில் போய்ப் படிப்பது. இன்டரப்ட் வரும்போதெல்லாம் உள்ளே வைத்திருக்கும் மாறியைத் திருப்பிப்போடும் டிரைவர் என்றாவது ஒருநாள் நிஜத்துக்கு எதிர்ப்பக்கம் போய் மாட்டிக்கொள்ளும். தள்ளு சுவிட்ச் ஒரு இயந்திரப் பொருள். அதன் தகடுகள் தொட்டு விலகித் தொடும்போது ஒரே தள்ளலுக்குச் சரமாரியாக இன்டரப்ட்கள் வரலாம், ஒன்றிரண்டு தவறியும் போகலாம். நிலையைப் படித்துச் சொல்லும் டிரைவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. அதே நிலையைத் திரும்பத் திரும்பச் சொன்னாலும் ஆர்எஃப்கில் மையம் யூசர்ஸ்பேஸுக்கு ஒரு செய்தியையும் கூடுதலாக அனுப்பாது.

போலிங் செய்தே ஆக வேண்டிய சிப்புகளில் ஏடிஎச்9கே நல்ல முன்மாதிரி. எந்த ஜிபிஐஓ பின் (பொதுப் பயன்பாட்டுப் பின்) சுவிட்சுக்கு உரியது, அது எந்தப் பக்கம் இருந்தால் தடை என்ற இரண்டு விவரமும் கார்டின் நிலையான நினைவகமான ஈப்ராமில் எழுதப்பட்டிருக்கும். டிரைவர் அதைப் படித்து வைத்துக்கொண்டு, போல் அழைப்பு வரும்போதெல்லாம் கார்டை மின்சேமிப்பிலிருந்து எழுப்பி, பின்னைப் படித்து, திரும்பத் தூங்க விடுகிறது. சுவிட்சுக்கான வசதி அந்தக் கார்டில் உண்டு என்று ஈப்ராம் சொன்னால் மட்டுமே போலிங் தொடங்கும். சுவிட்ச் இல்லாத கார்டை 5 விநாடிக்கு ஒருமுறை எழுப்பினால் பேட்டரிதான் வீணாகும்.

பிராட்காம் சிப்புகளுக்கான பி43 இன்னும் ஒரு படி மேலே போகிறது. இன்டர்ஃபேஸ் கீழே இருக்கும்போது தகவல் போகும் பாதையான பஸ்ஸுக்கே மின்சாரம் இருக்காது. அப்போது போல் அழைப்பு வந்தால் பஸ்ஸை எழுப்பி, சுவிட்சைப் படித்து, தான் எழுப்பியதை மட்டும் திரும்ப அணைக்கிறது. மின்சாரம் இல்லை என்று சொல்லிப் படிக்காமல் விட்டுவிடுவதில்லை.

தூங்கும் அல்லது கழன்றுபோன பிசிஐ சாதனத்தைப் படித்தால் எல்லா பிட்டும் 1 ஆகத் திரும்பி வரும். 1 என்றால் அனுமதி என்ற அமைப்புள்ள சிப்பில் இது "ரேடியோவுக்குத் தடையில்லை" என்று பொருளாகிவிடும். அதனால் படித்த மதிப்பின் எல்லா பிட்டும் 1-ஆக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் நிலையை மாற்றாமல் விட்டுவிடுங்கள்.

சுவிட்ச் அணைந்த அந்தக் கணம்

இங்கேதான் கவனம் அதிகம் வேண்டும். சுவிட்ச் அணையும்போது டிரைவர் சும்மா இருக்காது. ஸ்கேன் பாதியில் இருக்கும், ஃபர்ம்வேருக்கு ஒரு கட்டளை போய்ப் பதிலுக்குக் காத்திருக்கும், வரிசையில் பாக்கெட்டுகள் நிற்கும். மூன்றாம் வகைச் சிப்பு தவிர மற்றவற்றில் ஹார்டுவேர் ரேடியோவை ஏற்கெனவே அணைத்துவிட்டது; மூன்றாம் வகையில் அணைப்பது உங்கள் வேலை. ஆக்சஸ் பாயின்ட்டிடம் முறைப்படி விடைபெறும் செய்தியை அனுப்பலாமே என்று நினைக்காதீர்கள். அது காற்றில் போகாது.

முதலில் காத்திருப்பவர்களை எழுப்புங்கள். ஃபர்ம்வேர் பதிலுக்காகத் தூங்கும் இழைக்கு (டிரைவரின் ஓர் ஓட்டத்துக்கு) பதில் வராமலே போகலாம். அதை டைம்அவுட் வரை விட்டால் என்ன நடக்கும்? பெரும்பாலான டிரைவர்களில் கட்டளை டைம்அவுட் ஆனால் "ஃபர்ம்வேர் செத்துவிட்டது" என்று முடிவுகட்டி ரீஸ்டார்ட் செய்யும் வழி இருக்கும். அந்த வழி ஃபர்ம்வேரைத் திரும்ப ஏற்றும், ரேடியோவைத் தொடங்கும் கட்டளையை அனுப்பும், அதுவும் தோற்கும், மறுபடி ரீஸ்டார்ட். பயனரின் லாகில் பக்கம் பக்கமாகப் பிழை கொட்டும். அவர் செய்ததோ சுவிட்சைத் தள்ளியது மட்டும்தான். இன்டெல் டிரைவர் சுவிட்ச் அணைந்தது தெரிந்தவுடன், நடுவில் நிற்கும் கட்டளைக்கான குறியை நீக்கிக் காத்திருப்பவரை எழுப்பிவிடுகிறது. அவருக்குக் கிடைக்கும் பிழை ஈ-ஆர்எஃப்கில், எண் 132. பிழைகளைக் கையாளும் உங்கள் கோடில் எந்த முடிவுக்கும் போகும் முன் சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பொதுவான ஐ-ஓ பிழையைத் திருப்பாதீர்கள். 132 திரும்பினால்தான் பயனர் "ஆர்எஃப்-கில் காரணமாக இது சாத்தியமில்லை" என்ற தெளிவான செய்தியைப் பார்ப்பார். அதைப் பார்த்தாலே சுவிட்சைத் தேடத் தொடங்கிவிடுவார்.

அடுத்தது இன்டர்ஃபேஸ். அதை நீங்கள் இறக்க வேண்டியதில்லை. நிலையைச் சொன்னதும் சிஎஃப்ஜி80211 பிறகு செய்ய வேண்டிய ஒரு வேலையை, அதாவது வொர்க்கை, திட்டமிடும். அது பின்னால் ஓடி அந்தக் கார்டின் இன்டர்ஃபேஸ்களை எல்லாம் மூடும். வொர்க் எதற்கு? நிலையைச் சொல்லும் ஃபங்ஷனை எந்தச் சூழலிலிருந்தும் கூப்பிடலாம், இன்டரப்டிலிருந்தும் கூடக் கூப்பிடலாம். ஆனால் இன்டர்ஃபேஸை மூட, நெட்வொர்க் அமைப்பைக் காக்கும் ஆர்டிஎன்எல் லாக் வேண்டும், அதற்காகத் தூங்க வேண்டி வரும்; இன்டரப்டுக்குள் தூங்க முடியாது. இரண்டையும் ஒரே இடத்தில் செய்ய முடியாது. அவசரத்தில் சிலர் இன்டரப்டிலிருந்தே சாதனத்தை மூடப் பார்ப்பார்கள். அப்படிச் செய்தால் கெர்னல் உடனே கத்தும், அல்லது இதைவிட மோசமாக, எப்போதாவது ஒருமுறை மட்டும், ஒன்றுக்கொன்று காத்து நிற்கும் டெட்லாக்கில் நிற்கும்.

மூடும் வேலை நடக்கும்போது உங்கள் ஸ்டாப் ஃபங்ஷன் கூப்பிடப்படும். அதற்குள் ஃபர்ம்வேருக்குக் கட்டளை அனுப்பும் வரிகள் இருந்தால் அவை 132 என்று திரும்பும். அந்தப் பிழைக்காக ஸ்டாப் பாதியில் வெளியேறக் கூடாது. கார்டு நேரடியாக நினைவகத்தைத் தொடும் டிஎம்ஏவை நிறுத்துங்கள், பஃபர்களை விடுவியுங்கள், வரிசைகளைக் காலி செய்யுங்கள். ஃபர்ம்வேர் ஒத்துழைக்கவில்லை என்பதற்காக எதையும் விட்டுவிடாதீர்கள்.

ஒரு முக்கியமான வரி பல டிரைவர்களில் விடுபட்டுப்போகும். சாதனத்தை நிறுத்தும்போது வழக்கமாக எல்லா இன்டரப்டையும் மாஸ்க் செய்து வராமல் தடுத்துவிடுவோம். அதில் கில் சுவிட்சின் இன்டரப்டும் போய்விட்டால், பயனர் சுவிட்சைத் திரும்பப் போடும்போது யாருக்கும் தெரியாது. வைஃபை நிரந்தரமாக அணைந்தது போல நிற்கும், ரீபூட் செய்தால் சரியாகிவிடும். "சுவிட்சை அணைத்துப் போட்டால் வைஃபை வருவதில்லை, ரீபூட் செய்தால் வருகிறது" என்ற புகாரைப் பார்த்தால் நான் நேராக ஸ்டாப் ஃபங்ஷனின் கடைசி வரிகளுக்குத்தான் போவேன். இன்டெல் டிரைவர் அந்த இடத்தில் எல்லாவற்றையும் மூடிய பிறகு, கில் சுவிட்சின் ஒற்றை பிட்டை மட்டும் திரும்பத் திறந்து வைக்கிறது. நிறுத்திய ஹார்டுவேரிலும் இந்த இன்டரப்ட் வேண்டும் என்று கமென்ட்டும் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த டிரைவரில் எனக்கு மிகப் பிடித்த வரிகள் அவை.

திரும்பப் போடும்போது

சுவிட்ச் திரும்ப ஆன் ஆனால் செய்ய வேண்டியது குறைவு. செட்-எச்டபிள்யூ-ஸ்டேட்டுக்கு "தடை இல்லை" என்று சொல்லுங்கள். வைஃபி வடிவம் எதையும் திருப்பாது. ஆர்எஃப்கில் பொருளை நீங்களே வைத்திருந்தால் திரும்பு மதிப்பைப் படியுங்கள். அது சாஃப்ட், ஹார்டு இரண்டையும் சேர்த்த விடை. ஹார்டு தடை நீங்கியும் "தடை" என்று வந்தால், பயனர் திரையில் அணைத்து வைத்திருக்கிறார் என்று பொருள். அப்போது ரேடியோவை எழுப்பாதீர்கள். இன்டர்ஃபேஸையும் நீங்களாகத் தூக்க வேண்டாம். யூசர்ஸ்பேஸில் கவனித்துக்கொண்டிருக்கும் நிரலுக்குச் செய்தி போய்விடும், அது பார்த்துக்கொள்ளும்.

நீங்களே ஆர்எஃப்கில் பொருளை வைத்திருக்கும் டிரைவர் என்றால் செட்-பிளாக் என்ற கால்பேக்கை (ஆர்எஃப்கில் மையம் கூப்பிடும் ஃபங்ஷனை) எழுதியாக வேண்டும். ஹார்டு தடை இருக்கும்போதும் அது கூப்பிடப்படலாம். அப்போது பிழை திருப்பாமல் 0 திருப்புங்கள். பயனர் சாஃப்ட் தடையை மாற்ற முழு உரிமை உள்ளவர். அது நினைவில் மட்டும் இருக்கட்டும், சுவிட்ச் திரும்ப வரும்போது பயன்படும்.

சஸ்பெண்ட்

மூடியை மூடிவிட்டுப் பையில் வைக்கும்போது சுவிட்ச் நகரலாம். அப்போது இன்டரப்ட் வராது. அதனால் தூங்கிய கணினி திரும்ப எழும் ரெஸ்யூமில், மற்ற எதற்கும் முன், நிலையைப் படித்துச் சொல்லுங்கள். ஒரே ஒரு அழைப்புதான். அதை விட்டுவிட்டால், அணைத்த சுவிட்சோடு எழும் கணினி ரேடியோவைத் தொடங்கப் பார்க்கும்.

பொத்தான் என்றால் கதை வேறு

இப்போது வரும் லேப்டாப்களில் தள்ளு சுவிட்ச் குறைவு. ஃபங்ஷன் விசையோடு அழுத்தும் பொத்தான்தான் அதிகம். பொத்தானுக்கு "இப்போது எந்தப் பக்கம்" என்ற நிலையே கிடையாது, அழுத்திய கணம் மட்டும்தான் உண்டு. அதனால் அது இன்புட் சாதனத்தின் வேலை. வைஃபைக்கு மட்டும் என்றால் விசைக் குறியீடு 238, எல்லா ரேடியோவுக்கும் என்றால் 247. அந்த விசையை அனுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்ளுங்கள். சாஃப்ட் தடையை என்ன செய்வது என்று மேலே இருப்பவர்கள் முடிவு செய்வார்கள்.

தொல்லை தருவது இரண்டுங்கெட்டான் கணினிகள். பொத்தானை அழுத்தினால் கணினியின் ஃபர்ம்வேரான பயாஸே பின்னைக் கீழே இழுத்துவிடும். கூடவே விசைச் செய்தியும் வரும். பிளாட்ஃபார்ம் டிரைவர் இரண்டையும் அப்படியே மேலே அனுப்பினால் ஒரே அழுத்தலில் ஹார்டு தடையும் விழும், சாஃப்ட் தடையும் விழும். இரண்டாவது அழுத்தலில் பயாஸ் ஹார்டு தடையை நீக்கும். சாஃப்ட் தடை பல நேரம் அப்படியே நிற்கும். ஹார்டுவேரே செய்துமுடித்த வேலையை நிலையாக மட்டும் சொல்லுங்கள், அதற்கு விசைச் செய்தி வேண்டாம்.

இன்னொரு வகையும் உண்டு: சுவிட்சே இல்லாத கணினியில் ஃபர்ம்வேரைக் கேட்டால் "அணைந்திருக்கிறது" என்று பதில் வரும். பிளாட்ஃபார்ம் டிரைவர் அதை நம்பினால் ஹார்டு தடை ஒருபோதும் நீங்காது. பயனர் இல்லாத சுவிட்சைத் தேடிப் பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பார். ஒருவர் தன் லேப்டாப்பின் நான்கு பக்கத்தையும் படம் எடுத்து எனக்கு அனுப்பினார், "எங்கே என்று காட்டுங்கள்" என்று. காட்ட ஒன்றும் இல்லை. சுவிட்ச் நிச்சயமாக உண்டு என்று தெரிந்த மாடல்களில் மட்டும் அந்த விடையை நம்புங்கள். கணினி மாடலை அடையாளம் காணும் டிஎம்ஐ பட்டியலை அப்படித்தான் வைக்க வேண்டும், "இல்லாதவை" என்று வைத்தால் ஒவ்வொரு புதிய மாடலுக்கும் வரி சேர்த்துக்கொண்டே இருப்பீர்கள்.

ஒரே கணினியில் ஆர்எஃப்கில் லிஸ்ட் போட்டால் பிளாட்ஃபார்ம் டிரைவரின் பெயரில் ஒன்று, வைஃபை கார்டின் பெயரில் ஒன்று என இரண்டு வரிகள் வருவது வழக்கம்தான். புகாரைப் படிக்கும்போது எந்த வரியில் ஹார்டு தடை இருக்கிறது என்று பாருங்கள். கார்டின் வரியில் மட்டும் இருந்தால் பின்னைப் பாருங்கள். பிளாட்ஃபார்ம் வரியில் மட்டும் இருந்தால் அந்த டிரைவர் பொய் சொல்கிறதா என்று பாருங்கள்.

சோதனை

ஒரு டெர்மினலில், நிலை மாற்றங்களைக் காட்டும் ஆர்எஃப்கில் ஈவென்ட் கட்டளையை ஓடவிட்டுச் சுவிட்சைத் தள்ளுங்கள். ஒரு தள்ளலுக்கு ஒவ்வொரு ஆர்எஃப்கில் பதிவுக்கும் ஒரு வரி வர வேண்டும். ஒரே பதிவுக்கு இரண்டு வந்தால் யாரோ நிலையை மாற்றி மாற்றிச் சொல்கிறார்கள். நீங்களே நிரல் எழுதி ஆர்எஃப்கில்லின் சாதனக் கோப்பைப் படிப்பதானால் ஒரு எச்சரிக்கை: பழைய செய்தியின் நீளம் 8 பைட், தடைக்கான காரணத்தையும் சேர்த்த நீட்டிப்பு வடிவம் 9 பைட். படித்த நீளத்தைச் சரிபார்க்காமல் மேலே போகாதீர்கள்.

சுவிட்சை அணைத்து வைத்து பூட் செய்யுங்கள்; கார்டு தெரிய வேண்டும், ஹார்டு தடை தெரிய வேண்டும். அந்த நிலையில் இன்டர்ஃபேஸைத் தூக்கினால் 132 வர வேண்டும். அப்படியே சுவிட்சைப் போட்டால் ரீபூட் இல்லாமல் வைஃபை வர வேண்டும். இன்டர்ஃபேஸ் கீழே இருக்கும்போது தள்ளிப் பாருங்கள், சஸ்பெண்டில் தள்ளிப் பாருங்கள், அணைந்த நிலையில் மாட்யூலை நீக்கிப் பாருங்கள். நீக்கும்போது அன்ரெஜிஸ்டர் முடியும்வரை உங்கள் கால்பேக்குகள் கூப்பிடப்படலாம். அவை தொடும் நினைவகத்தை அதற்கு முன் விடுவித்திருந்தால் இங்கே பிடிபடும்.

கடைசியாக, லாக் தவறுகளைக் கண்டுபிடிக்கும் லாக்டெப் இயக்கிய கெர்னலில் ஸ்கேனைத் தொடர்ந்து ஓடவிட்டு, பெரிய கோப்பு ஒன்றை இறக்கிக்கொண்டே, சுவிட்சை விரலால் வேகமாக முன்னும் பின்னும் ஆட்டுங்கள். சில நிமிடம் செய்யுங்கள். நிறுத்தும்போது சுவிட்ச் எந்தப் பக்கம் இருக்கிறதோ, 'ஹார்டு' கோப்பும் அதையே சொல்ல வேண்டும். லாகில் ஃபர்ம்வேர் ரீஸ்டார்ட் ஒன்றுகூட இருக்கக் கூடாது. பேட்ச் அனுப்பும்போது இந்தச் சோதனைகளில் எவற்றைச் செய்தீர்கள், எந்தக் கார்டில் செய்தீர்கள் என்று கமிட் செய்தியிலேயே எழுதிவிடுங்கள். படிப்பவர் கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.